பொன்னாடை போர்த்திய பிறகு என்ன?

2024 ஜூலை 13, சனிக்கிழமை. நல்ல மழை. தம்பானூரில், திருவனந்தபுரம் சென்ட்ரல் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு அடியில் புகுந்து செல்லும் ஆமையிழஞ்சான் ஓடையில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை வெள்ளம் இழுத்துச் சென்றது. மேலே நடைமேடையில் நம் மக்கள் வழக்கம்போல நாகர்கோவில் வண்டிக்குக் காத்து நின்றார்கள். கீழே, வெளிச்சம் நுழையாத அந்தச் சுரங்கத்தில், தீயணைப்புப் படையின் முக்குளிப்போர் மனிதக் கழிவும் பிளாஸ்டிக்கும் சேறும் இறுகிக் கிடந்த நீருக்குள் ஊர்ந்து போய்க் கையால் துழாவினார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. கொச்சியிலிருந்து கடற்படை வந்தது. டெக்னோபார்க்கிலிருந்து இயந்திர மனிதனைக் கொண்டு வந்தார்கள். ஏறத்தாழ 46 மணி நேரம் கழித்து, 15ஆம் தேதி காலையில், நிலையத்துக்கு அப்பால் தகரப்பறம்புப் பக்கம் உடல் மிதந்தது.

அதன் பிறகு நடந்தது நாடறியும். குப்பை யாருடையது, ஓடை யாருடையது, ஒப்பந்தம் யாருடையது என்று ரயில்வேயும் மாநகராட்சியும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக் கொண்டது. இறந்தவரின் தாய்க்கு உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. உள்ளே இறங்கியவர்களைப் பத்திரிகைகள் பாராட்டின. பாராட்டு நியாயமானதுதான், அதில் நமக்குக் குறையில்லை.

நமக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்தச் சுரங்கத்தில் இரண்டு நாள் ஊர்ந்தவன் மூன்றாம் நாள் இரவு வீட்டில் என்ன செய்தான்? சோற்றில் கை வைத்தானா? தூங்கினானா? குழந்தை தொட்டபோது திடுக்கிட்டானா? அழுக்கு நீரில் இறங்குபவனுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க மாத்திரை உண்டு. அது எல்லோருக்கும் தெரியும். கண்ணால் பார்த்தது உள்ளே போய் அழுகாமலிருக்க என்ன உண்டு?

பொன்னாடை உண்டு. பதக்கம் உண்டு. பிறகு மறதி உண்டு.

முதலில் ஓடுகிறவன் யார்?

ஆபத்து என்றதும் மற்றவர்கள் விலகி ஓட, அதை நோக்கி ஓடுகிறவன் என்று சொன்னால் சீருடைக்காரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். தீயணைப்பு வீரர், காவலர், 108 வண்டியின் ஓட்டுநர், அதில் இருக்கும் நர்ஸ். சரிதான். ஆனால் பட்டியல் அதோடு முடிவதில்லை.

1988 ஜூலை 8 அன்று ஐலண்ட் எக்ஸ்பிரஸ் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்து 105 பேர் மாண்டார்கள். அரசாங்க வண்டிகள் வந்து சேருவதற்கு முன்னே தண்ணீரில் குதித்தவர்கள் அந்தக் கரையில் வாழ்ந்த சாதாரண மக்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பூந்துறையிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் மீனவர்கள். ஒன்பதே மாதங்களுக்கு முன், 2017 நவம்பர் இறுதியில், ஒக்கி புயலில் தம்முடைய அண்ணன் தம்பிகளைக் கடலுக்குக் கொடுத்த கரைகள் அவை. கண்ணீர் காயாத கண்ணோடுதான் அடுத்தவனைக் காப்பாற்றப் போனார்கள். முதலமைச்சர் அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று அழைத்தார். படைவீரனுக்கு மருத்துவமனை உண்டு, ஓய்வூதியம் உண்டு. இந்தப் படைக்கு என்ன உண்டு?

2020 ஆகஸ்ட் 6 இரவு. மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. எழுபது பேர். ஏறத்தாழ எல்லோரும் நம்முடைய தமிழ்த் தொழிலாளர்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. வெளி உலகுக்கு விடிந்த பிறகுதான் செய்தி எட்டியது. அதுவரை இருட்டில் சேற்றைக் கையால் கிளறியவர்கள் யார்? உயிர் தப்பிய உறவுக்காரர்களும் பக்கத்து டிவிஷன் தொழிலாளர்களும்தான். எடுத்த ஒவ்வொரு உடலும் அவர்களுக்குத் தெரிந்த முகம். தன்னோடு விளையாடிய குழந்தையின் உடலைக் கண்டுபிடித்த ஒரு நாயின் துயரத்தைப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. அந்த நாயைக் காவல்துறையின் நாய்ப்படை எடுத்துப் பராமரித்தது. வாயில்லா ஜீவனுக்குக் காட்டிய கருணையை நாம் குறை சொல்லவில்லை. வாயுள்ள தொழிலாளி எத்தனை நாள் தூங்கவில்லை என்று யார் எழுதினார்கள் என்றுதான் கேட்கிறோம்.

நம்முடைய ரயில் பாதையை எடுத்துக் கொள்ளுங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் முன் ஒருவர் வந்து நின்றால் ஓட்டுநர் பிரேக்கைப் போடலாம். வண்டி பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். அந்தச் சில நொடிகள் அவருக்கும் தெரியும், அந்த மனிதருக்கும் தெரியும். இருவர் கண்ணும் சந்திக்கும். இறங்கிப் பார்த்து, தகவல் சொல்லி, மீண்டும் இருக்கையில் அமர்ந்து, அவர் வண்டியை எடுக்க வேண்டும். காலையில் சுத்தியலும் ஸ்பேனரும் கொடியும் சுமந்து தன் பீட்டை நடந்து பார்க்கும் கீமேன்தான் பல நேரங்களில் இரவு நடந்ததை முதலில் காண்கிறவன். போலீஸ் வரும்வரை அந்த உடலுக்குக் காவல் நிற்கிறவனும் அவனே. நாயும் காக்கையும் நெருங்காமல், வெயிலில், தனியாக.

தீயணைப்பு வீரரிலிருந்து கீமேன் வரை இவர்கள் எல்லோரும் ஒரே இனம். இவர்களில் பாதிப் பேருக்கு இந்த வேலைக்கான பெயர்கூடக் கிடையாது.

நாம் செய்த குற்றம்

அடுத்தவரைக் குற்றம் சொல்வதற்கு முன் நம்மைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இல்லை.

நம் சங்கத்தில் ஒரு தோழர் இருந்தார். கீமேன். எந்த ஊர், எந்தப் பகுதி என்பது இங்கே வேண்டாம். பத்தொன்பது வருடம் பாதையில் நடந்தவர். எத்தனை உடலுக்குக் காவல் நின்றோம் என்று ஒரு காலத்தில் எண்ணி வைத்திருந்தார். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார். ஒரு மழைக்காலத்தில் கல்லூரிப் பையன் ஒருவனின் உடலருகே நாலு மணி நேரம் நின்றார். பையனின் சட்டைப் பையில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பேச அனுமதியில்லை. பேசினாலும் என்ன சொல்வது? திரையில் 'அம்மா' என்று வந்ததாம்.

அதற்குப் பிறகு அவர் மாறினார். தொலைபேசி அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். கறி சாப்பிடுவதை நிறுத்தினார். கூட்டத்துக்கு வந்தால் கதவோரத்தில் உட்காருவார். தூக்கம் வரவில்லை என்று இரண்டொரு தடவை வாய்விட்டுச் சொன்னார். நாம் என்ன செய்தோம் தெரியுமா? நம்மில் டிக்கெட் கவுண்டரில் உட்காரும் ஒருவர், "அண்ணாச்சி, ஊளம்பாறைக்கு ஒரு டிக்கெட் போடட்டுமா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

ஊளம்பாறை என்றால் என்ன? 1870இல் தொடங்கி இன்றுவரை இந்த நகரத்து மக்களுக்கு வைத்தியம் செய்துவரும் மனநல மருத்துவமனை இருக்கும் இடம். நோயாளிக்குப் புகலிடமான ஓர் இடத்தின் பெயரை வசைச்சொல்லாக மாற்றியது யார்? நாம்தான். சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் நம் வீட்டுத் திண்ணைகளிலும் அந்தச் சொல்லை நாம்தான் வளர்த்தோம்.

அந்தத் தோழர் இன்று இல்லை. எப்படிப் போனார் என்பதை எழுதப்போவதில்லை; குடும்பம் இருக்கிறது. அவர் போன மறுநாள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை அச்சடித்து ஒட்டியவர்களும் நாமே. சுவரொட்டிக்கு ஒரே நாளில் வசூல் செய்ய முடிந்த நமக்கு, அவரோடு ஒரு மாலை உட்கார நேரம் கிடைக்கவில்லை. இந்த வெட்கத்திலிருந்துதான் எழுதுகிறோம்.

இது கோழைத்தனமல்ல, காயம்

"எல்லாம் மனசுதான், தைரியமா இருந்தால் போதும்" என்று உபதேசம் செய்பவர்களுக்குச் சொல்கிறோம். சுத்தியல் காலில் விழுந்தால் எலும்பு முறிகிறது. யாரும் அந்தக் காலைப் பார்த்து, தைரியமாக இரு என்று சொல்வதில்லை. கண் முன்னே நடந்த கோரம் மனத்தில் விழுந்தாலும் முறிவு உண்டு. ஆபத்தை மறக்காதே என்று மூளைக்கு இயற்கை கட்டளையிட்டிருக்கிறது. அதனால்தான் மனித இனம் பிழைத்தது. சில நேரம் அந்தக் கட்டளை நிற்காமல் ஓடுகிறது. சிக்னல் சிவப்பிலேயே மாட்டிக்கொண்டால் பாதை காலியாக இருந்தும் வண்டி நகராதல்லவா, அதைப்போல. நடந்து முடிந்தது மறுபடி மறுபடி நடக்கிறது. கனவில் வருகிறது, ஒரு வாடையில், ஒரு சத்தத்தில் வருகிறது. அந்த இடம், அந்தப் பேச்சு எல்லாவற்றையும் விட்டு மனிதன் ஒதுங்குகிறான். சின்னச் சத்தத்துக்கும் துள்ளுகிறான். காரணமில்லாமல் மனைவி மேல் எரிந்து விழுகிறான். பிறகு எதுவுமே உறைக்காமல் மரத்துப் போகிறான்.

2023 ஜூன் 2இல் ஒடிசாவில் பாலசோர் அருகே நடந்த விபத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். 290 பேருக்கு மேல் மாண்டார்கள். அங்கே மீட்புப் பணி செய்த படைக்காரர்களைச் சந்தித்துவிட்டுத் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் அன்றைய தலைவர் அதுல் கர்வால் வெளிப்படையாகவே சொன்னார்: ஒரு வீரருக்குத் தண்ணீரைப் பார்த்தால் இரத்தமாகத் தெரிகிறது, இன்னொருவருக்குப் பசி எடுப்பதில்லை. பயிற்சி பெற்ற, உடற்கட்டுள்ள, தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்கள் அவர்கள். அவர்களுக்கே இப்படியென்றால், பயிற்சியும் இல்லாமல், கையுறையும் இல்லாமல், ஒப்பந்தக்காரன் கூப்பிட்டான் என்று வந்து நிற்கும் நம் ஆளுக்கு?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பயங்கரத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் நோயாளிகள் ஆவதில்லை. ஓய்வும் உறக்கமும் பக்கத்தில் நம்பகமான ஆட்களும் கிடைத்தால் பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு ஒரு மாதம் தாண்டியும் அது விடுவதில்லை. அவர்களுக்கு வைத்தியம் வேண்டும், வைத்தியம் இருக்கிறது, பேச்சாலும் மருந்தாலும் குணமாகிறவர்கள் ஏராளம். ஆகவே இது தலையெழுத்துமல்ல, வெட்கப்படவேண்டியதும் அல்ல. கவனிக்காமல் விட்டால் சீழ் பிடிக்கிற காயம், அவ்வளவுதான்.

கவனிக்காமல் விட்டதன் விலை என்ன? கேரளக் காவல்துறையில் மட்டும் 2019 முதல் 2023 வரையான காலத்தில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் துறையின் சொந்தக் கணக்கே வெளிவந்தது. குடும்பப் பிரச்சினை, கடன், வேலைப்பளு என்று காரணங்களை அடுக்கலாம். எல்லாம் கலந்துதான் இருக்கும். ஆனால் கணக்கில் வந்தவர்கள் சீருடைக்காரர்கள். ஒப்பந்தத் துப்புரவாளனுக்கும் வள்ளக்காரனுக்கும் கணக்கு எழுத எந்த அலுவலகத்தில் பதிவேடு இருக்கிறது? நாங்கள் எழுத்து வேலை பார்ப்பவர்கள். பதிவேட்டின் அருமை எங்களுக்குத் தெரியும். வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்பதற்கு ஒரு கலம் உண்டு. சேதம் எவ்வளவு என்பதற்கு ஒரு கலம் உண்டு. எடுத்த மனிதன் எப்படி இருக்கிறான் என்பதற்குக் கலம் போட்ட பதிவேட்டை நாங்கள் இன்றுவரை பார்த்ததில்லை. கலம் இல்லாத காயத்துக்குக் காசும் இல்லை, விடுப்பும் இல்லை.

யாருக்கு இதில் இலாபம்?

மனக்காயத்தை ஒத்துக்கொண்டால் விடுப்பு கொடுக்கவேண்டும். விடுப்பு கொடுத்தால் மாற்றாள் வேண்டும். மாற்றாள் வேண்டுமென்றால் காலியிடத்தை நிரப்பவேண்டும். ஆகவே அதைக் "குணம்" என்கிறார்கள், "குடி" என்கிறார்கள், "குடும்பத் தகராறு" என்கிறார்கள். நோய் அவனுடையது என்று சொல்லிவிட்டால் செலவும் அவனுடையதாகிவிடுகிறது. இதில் மர்மம் ஒன்றுமில்லை.

சட்டத்தைப் பாருங்கள். 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் ஈய நஞ்சு இருந்தது, பாதரச நஞ்சு இருந்தது; மனக்காயம் இல்லை. நூறு வருடம் கழித்து அதை விழுங்கிய 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் மனக்காயத்தைச் சேர்க்கவில்லை. ஆனால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010லேயே தன் தொழில்நோய்ப் பட்டியலில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயைச் சேர்த்துவிட்டது. நம் ஈழத்துச் சகோதரர்கள் இலட்சக்கணக்கில் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2016இல் ஒரு சட்டம் வந்தது. தீயணைப்பு வீரருக்கோ காவலருக்கோ ஆம்புலன்ஸ் ஊழியருக்கோ இந்த நோய் வந்தால் அது வேலையால் வந்தது என்றே கொள்ளவேண்டும். வேலையால் வந்ததென்று அவர் நிரூபித்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? அங்கே உள்ளவனுக்கு மட்டும்தான் மனம் இருக்கிறதா?

மேலிடம் என்ன தருகிறது? வருடத்துக்கு ஒரு நாள் யோகா. ஒரு சொற்பொழிவு. பிறகு குழுப் புகைப்படம். யோகா நல்லதுதான், ஆனால் இரவு வேலை முடித்தவனை வீட்டுக்கு விடாமல் பாயில் உட்கார வைத்து மூச்சுவிடச் சொல்வது வைத்தியமாகாது. இதற்கு நேர்மாறாக, பேரூர்க்கடையில் காவலர்களுக்கென்று ஓர் ஆலோசனை மையம் தொடங்கினார்களே, அது சரியான திசையில் வைத்த காலடி, வரவேற்கிறோம். ஆனால் ரகசியக் குறிப்பு எழுதும் கையிலிருந்து ஆலோசனை வந்தால் எந்தக் கடைநிலை ஊழியனும் வாய் திறக்கமாட்டான். ஓட்டுநருக்குப் பயம் இன்னும் அதிகம். மருத்துவத் தகுதி போய்விட்டால் இன்ஜினை விட்டு இறங்கவேண்டும், ஓட்டப் படி போய்விடும் என்று அஞ்சி, தூங்காத கண்ணோடு வண்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் பின்னால் ஆயிரம் பயணிகள் தூங்குகிறார்கள் என்பதை மறக்கவேண்டாம்.

அப்படி அஞ்சுகிற தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் இயலாமைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பணியில் இருக்கும்போது இயலாமை வந்தவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் வேறு பணி தரவேண்டும் என்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களை இரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது; காப்பீட்டில் உடல்நோய்க்கு உள்ளதை மனநோய்க்கும் தரச் சொல்கிறது. இவை ஏட்டில் இருக்கின்றன. ஏட்டில் உள்ளதை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் சங்கத்தின் வேலை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஏட்டில்கூட இந்தப் பணிப் பாதுகாப்பு இல்லை. அதை ஏட்டில் ஏற்றுவதும் சங்கத்தின் வேலை.

தொழிற்சங்கங்களையும் கேட்கிறோம். 1974 மே மாதம் இருபது நாள் இந்த நாட்டின் சக்கரங்களை நிறுத்திய பரம்பரை நம்முடையது. ஓடும் பணியாளனுக்கும் வேலை நேரத்துக்கு எல்லை உண்டு, அவனும் மனிதன் என்று சொல்லி ஜெயிலுக்குப் போனார்கள். அதே சங்கங்களின் இன்றைய கோரிக்கை மனுக்களில் படி இருக்கிறது, போனஸ் இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது, எல்லாம் நியாயம். உடலைப் பொறுக்கியவனின் உறக்கம் எத்தனையாவது கோரிக்கை?

தோழனுக்குத் தோழனே முதல் மருந்து

சட்டம் மாறும்வரை கைகட்டி நிற்கவேண்டுமா? வேண்டாம். வரலாறு வேறு பாடம் சொல்கிறது.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் தூக்கமில்லாமல் அலைந்தபோது அவர்களின் நோய்க்கு மருத்துவப் புத்தகத்தில் சரியான பெயர்கூட இல்லை. போரை எதிர்த்த சிப்பாய்கள் 1970 வாக்கில் நியூயார்க்கில் தாங்களே வட்டமாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். மனநல மருத்துவர்கள் சிலர் அங்கே சென்று உட்கார்ந்து கேட்டார்கள். அதிலிருந்து கிளம்பிய போராட்டத்தின் பிறகே 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அந்த நோய் ஏறியது. அதாவது, நோய்க்குப் பெயர் வாங்கியதில் பாதிக்கப்பட்டவர்களுக்கே பெரும் பங்கு. குடியை விட நினைத்தவர்களின் இயக்கமும் 1935இல் இரண்டு குடிகாரர்கள் ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசியதில் பிறந்ததுதான். இன்று நம் ஊரிலும் அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன.

காரணம் எளிது. சுரங்கத்தில் ஊர்ந்தவன் பேச்சு ஊர்ந்தவனுக்குப் புரியும். மனைவியிடம் சொன்னால் அவள் பயப்படுவாள். மேலதிகாரியிடம் சொன்னால் எழுதிவைப்பார். டாக்டரிடம் போகவே கால் வராது. கூட வேலை செய்தவன் முன்னால் விளக்கவேண்டிய அவசியமே இல்லை. "அந்த வாடை" என்றாலே போதும்.

நம் தோழரை இழந்த பிறகு, நாங்கள் சிலர் ஞாயிறு மாலைகளில் கூடத் தொடங்கினோம். சாலைப் பக்கம் ஒரு தேநீர்க்கடை மாடி. ஆறு பேர் வந்த நாளும் உண்டு, இரண்டே பேர் வந்த நாளும் உண்டு. பாதைத் தொழிலாளர், துப்புரவுத் தொழிலாளர், ஆம்புலன்ஸ் ஓட்டும் ஒரு தம்பி, ஒக்கியில் அண்ணனை இழந்த வள்ளக்காரர் ஒருவர். தமிழும் மலையாளமும் கலந்து ஓடும். மூன்று மாதம் வாயே திறக்காமல் தேநீர் குடித்துவிட்டுப் போனவர் நாலாம் மாதம் பேசினார். யாரும் அழச் சொல்லவில்லை. அழுதால் தடுக்கவும் இல்லை.

பட்டறிந்து நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள் சில. யாரையும் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது; சம்பவம் நடந்த மறுநாளே உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டு என்று பிடுங்குவது நன்மை செய்யாது என்று மருத்துவ ஆய்வுகளே சொல்லிவிட்டன. மாடியில் கேட்டது மாடியிலேயே இருக்கவேண்டும். உபதேசம் கூடாது, சாமி, ஜாதகம், மந்திரம் கூடாது. குடித்துவிட்டு வந்தவரை விரட்டக்கூடாது, வீடுவரை கொண்டுபோய் விடவேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மனத்துக்கான முதலுதவி மூன்றே சொல்லில் அடங்கும்: பார், கேள், சேர்த்துவிடு. மூன்றாவதை மறக்கக்கூடாது. நாம் டாக்டர்கள் அல்ல. ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் வராதவரை, சாவைப் பற்றிப் பேசுகிறவரைத் தனியாக விடாமல் கூடவே போய் வைத்தியரிடம் சேர்க்கவேண்டும். ஊளம்பாறைக்கு டிக்கெட் போடட்டுமா என்று சிரித்த அதே ஆள் இன்று ஒருவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஊளம்பாறை ஓ.பி. வரிசையில் நிற்கிறார். தாமதமாக வந்த புத்திதான், ஆனாலும் வந்தது.

நாம் கேட்பது

தோழர்களே, துணை இருப்பது நம் கடமை. ஆனால் அதைச் சாக்காக வைத்து அரசும் நிர்வாகங்களும் நழுவ விடமாட்டோம். ஆகவே கேட்கிறோம்:

ஒன்று: மீட்புப் பணியால், உடல் எடுக்கும் பணியால், பணியில் கண்ட கோரத்தால் வரும் மனநோயைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

இரண்டு: அத்தகைய சம்பவத்துக்குப் பிறகு ஊதியத்தோடு ஓய்வு. கேட்டால் தருவோம் என்பது போதாது, கேட்காமலே தரவேண்டும். வண்டியின் முன் ஆள் விழக் கண்ட ஓட்டுநரை அடுத்த வசதியான இடத்தில் மாற்றவேண்டும்.

மூன்று: ஆலோசனை தருபவர் நிர்வாகத்தின் கீழ் இருக்கக்கூடாது. அங்கே பேசியது ரகசியக் குறிப்புக்குப் போகக்கூடாது. தமிழ் பேசுகிறவனுக்குத் தமிழில் பேச ஆள் வேண்டும்.

நான்கு: நிரந்தர ஊழியருக்கு உள்ள அத்தனையும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், மீட்புக்கு அழைக்கப்படும் மீனவருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் உண்டு என்று எழுத்தில் வரவேண்டும்.

ஐந்து: ஒவ்வொரு டிப்போவிலும் நிலையத்திலும் முகாமிலும் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கும் இரண்டு துணைத் தோழர்களுக்குப் பயிற்சியும் வேலை நேரத்தில் நேரமும் தரவேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பார்கள். பாராட்டு விழாவுக்குப் பந்தல் போடப் பணம் இருந்ததல்லவா? அங்கிருந்து தொடங்கட்டும்.

இதைப் படிக்கும் தோழர்களில் யாருக்காவது, "இது என்னைப் பற்றித்தான்" என்று நெஞ்சு அடித்துக்கொண்டால், இரவு எத்தனை மணியானாலும் சரி, 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள்; தமிழிலும் பேசலாம், காசு இல்லை. கேரள அரசின் திசா எண் 1056. அதுவும் முடியாவிட்டால் சங்க நிர்வாகிகளில் யாரையாவது எழுப்புங்கள். எழுந்து வருவோம். அன்று வராத கடனை இன்றாவது அடைக்க விடுங்கள்.

மழைக்காலம் வரும்போதெல்லாம் ஆமையிழஞ்சான் ஓடை நிரம்பும். மலையும் கடலும் தண்டவாளமும் தம் பலியைக் கேட்கும். அப்போதும் ஒருவன் மற்றவர்களுக்காக உள்ளே இறங்குவான். அவன் மேலே ஏறி வரும்போது பொன்னாடையோடு நிற்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சோற்றுத் தட்டோடும், பாயோடும், பேசாமல் பக்கத்தில் உட்காரும் பொறுமையோடும் நிற்கப்போவது யார்?

நாம் நிற்போம். வரும் ஞாயிறு மாலை ஐந்து மணி, அதே மாடி. தேநீர் சங்கச் செலவு.